விஷச் செடி தந்த விஷமுறிவு

கத்தரிக்காய், தக்காளிக் குடும்பத்தில் பெல்லடோனா என்று ஒரு பொல்லாத செடி உண்டு. ஐரோப்பாவில் வளர்வது, நம் ஊமத்தைக்கும் உறவு. அது தரும் மருந்துதான் அட்ரோபின்.

நரம்பு முனையில் சுரக்கும் அசிடைல்கோலின் உட்கார வேண்டிய நாற்காலியில் இது முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும். எச்சில் வற்றும், இதயம் வேகமாகத் துடிக்கும், கண்பாப்பா விரியும். துடிப்பு மிகவும் குறைந்தவருக்கு இதையே ஊசியாகப் போடுகிறார்கள்.

ஆனால் இதன் பெரிய வேலை வேறு. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால், அசிடைல்கோலின் சிதையாமல் தேங்கும். நெஞ்சில் சளி பெருகி மூச்சு திணறும். அப்போது சளி வற்றும்வரை, சில நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரோபின் அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள். நல்ல உடம்புக்காரரைப் பிதற்றவைக்கும் அளவெல்லாம் அங்கே சர்வசாதாரணம். ஊமத்தங்காய் தின்றவர் பிதற்றுவதும் இதே சரக்கால்தான்!