இரு முனையில் புறப்பட்ட நடை



தொண்டர்களைக் கொண்ட விளம்பரக் குழுவைப் பிளவின்றி நடத்துவது எவ்வாறு என்று பேசப் பணித்தீர்கள். நம் மலைத்தொடர் கண்ட முயற்சி ஒன்றையே சான்றாகக் கொள்கிறேன்.

1987 நவம்பர் முதல் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பதற்கான நடைப்பயணம் தொடங்கிற்று. ஓரணி கன்னியாகுமரியிலிருந்து வடக்கு நோக்கியும், மற்றோரணி மராட்டிய மாநிலத்து நவாபூரிலிருந்து தெற்கு நோக்கியும் புறப்பட்டன. ஏறத்தாழ நூறு நாள் நடந்து, 1988 பிப்ரவரியில் கோவாவில் இரண்டும் கூடின. மாணவர், அறிவியலார், இதழாளர், ஊர்த்தொண்டர் எனப் பலரும் நடந்தனர். தமிழ், மலையாளம், கன்னடம், கொங்கணி, மராத்தி என மொழிக்கு மொழி மாறும் வழி அது. காடழிவதை ஊர்மக்களுக்கு எடுத்துரைப்பதே நோக்கம். ஒருவர்க்கு அணை கவலை, இன்னொருவர்க்குச் சோலைக்காடு. வழிநெடுக இருந்த அமைப்புகள் தத்தம் பகுதியில் வந்து இணைந்தன.

இவர்களைச் சேர்த்து நிறுத்தியது எது? புறப்படும் நாளும் கூடும் இடமும் முன்னரே தீர்மானமாகியிருந்ததுதான் என்பேன். அவ்விரண்டையும் தலைமை விட்டுக்கொடுக்கலாகாது. மற்றவற்றை விட்டுக்கொடுக்கத் தயங்கலாகாது. அந்த உறவும் நடையோடு முடியவில்லை. 2010 பிப்ரவரியில் நம் கோத்தகிரியில் மலை ஆர்வலர்கள் மீண்டும் கூடினர். அன்றைய நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வந்திருந்தார். அடுத்த மாதமே மாதவ் காட்கில் தலைமையில் வல்லுநர் குழு அமைந்தது.

நமக்கு அவ்வளவு பெரிய பணி இல்லை. விழாச் செய்தியை நான்கு ஊர்களுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும், அவ்வளவே. ஆனால் அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்பதில் இலக்கிய அமைப்புகள் உடைந்ததைக் கண்டிருக்கிறேன். கவிதையால் உடைந்ததாகக் கேட்டதில்லை! தொண்டர் பெயர்களை அகர வரிசையில் அச்சிடுங்கள். வாசகம் எழுதும் கவிஞரும் ஒருநாள் பசை வாளியைத் தூக்கட்டும். வாளி தூக்கும் இளைஞரிடம் வாசகம் சரியா என்று கேளுங்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தையும், படுகர் ஊர்களில் பெரியவர்களைச் சந்திக்கும் பொழுதையும் அங்கு வாழ்பவரே அறிவர். குளிர்காலத்து மாலையில் உதகைத் தெருவில் நின்று துண்டறிக்கை கொடுப்பவர்க்குச் சூடான தேநீருக்கும் வழி செய்யுங்கள். இதைச் சிறிய செய்தியென்று தள்ளாதீர்கள்.

அடுத்த விழாவின் நாளையும் இடத்தையும் இன்று இவ்வவை கலையுமுன் முடிவு செய்துவிடுங்கள். கூடலூர்ச் சுவரொட்டியின் வாசகத்தைக் கூடலூர் நண்பர்களே எழுதட்டும்.