துக்கத்துக்கும் ஒரு பாடம்

பிள்ளைகளைக் கிறிஸ்தவ விசுவாசத்தில் வளர்ப்பது எப்படி என்ற உபதேசங்கள் இக்காலத்திற் பெருகியிருக்குமளவுக்கு, மாலையில் விளக்கேற்றிய பின் முழங்காலில் இருந்து செபமாலை சொல்லும் வீடுகள் பெருகவில்லை என்பது, மட்டக்களப்பின் படுவான்கரையில் நெடுங்காலமாக ஞானோபதேசம் கற்பித்துவரும் என்னுடைய அபிப்பிராயம். உன்னிச்சைப் பக்கத்திலுங்கூட இப்போது மறைக்கல்வி வகுப்பென்றால் ஒலிபெருக்கியும், கீபோர்ட்டும், கைதட்டி ஆடும் அக்ஷன் சோங்கும், முடிவிலே பரிசளிப்பும் என்றாகிவிட்டது. சந்தோஷப் பாட்டு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சந்தோஷப் பாட்டை மட்டுமே கற்ற பிள்ளைக்குத் துக்கம் வந்த நாளிலே சொல்வதற்கு ஒரு வார்த்தையும் இல்லாமற் போகிறதே என்றுதான் சொல்லுகிறேன்.

துக்கம் நமது பிரதேசத்துக்குப் புதியதா? 2004ஆம் வருஷம் நத்தாருக்கு மறுநாட் காலையிற் கடல் வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலே ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற சிறுவர்களும் குண்டுக்குப் பலியானார்கள்.

ஆகையால் இன்று நான் பேச விரும்புவது வியாகுலப் பிரசங்கத்தைப் பற்றித்தான். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருமாரைத் துரத்திய பின்னர், 1687இல் முனிவர் யோசேவ்வாஸ் மாறுவேஷத்தில் வந்திறங்கும் வரை, ஏறத்தாழ முப்பது வருஷம், நம்முடைய கத்தோலிக்கர் மேய்ப்பரில்லாமலே பிள்ளைகளை வளர்த்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் வழியிலே 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார், கோவாவிற் பிறந்து கொங்கணி பேசி வளர்ந்தவராயிருந்தும், தமிழையும் சிங்களத்தையும் ஐயந்திரிபறக் கற்று, இரு பாஷையிலும் நூல்களை இயற்றி, 1742இல் இந்நாட்டிலேயே கண்மூடினார். ஆண்டவருடைய பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக அவர் எழுதிவைத்த இந்த வியாகுலப் பிரசங்கத்தின் விசேஷம், அதை நடத்தக் குருவானவர் வேண்டியதில்லை என்பதே; எழுத்தறிந்த ஒருவர் இராகமிட்டு வாசித்தாற் போதும், மற்றவர்கள் கேட்டாற் போதும். மறுபடியும் சொல்லுகிறேன்: ஒருவர் வாசித்தாற் போதும், மற்றவர்கள் கேட்டாற் போதும்.

2007ஆம் வருஷம் மார்ச் மாதத்திலே படுவான்கரைச் சனங்கள் யுத்தத்தினால் வாவியைக் கடந்து அகதி முகாம்களுக்கு ஓடியபோது, அது தவக்காலமாயிருந்தது. எங்கள் கூடாரத்திலே செபப் புத்தகம் ஒன்றும் மிஞ்சவில்லை. மன்னாரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு கிழவி மாத்திரம், தன் தாய்வீட்டிற் கேட்டுக்கேட்டு மனத்திற் பதிந்த வியாகுலப் பிரசங்கப் பகுதிகளை இரவிலே இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தா. ஊரை விட்ட நாளிலிருந்து வாய் திறவாதிருந்த ஒரு பொடியன், பேதுரு மறுதலித்த இடம் வந்ததும் என் பக்கம் திரும்பி, “சேர், பேதுருவும் சென்றிப் பொயின்ற்றில பொய் சொன்னவரா?” என்று கேட்டான். நான் விடை தேடிக்கொண்டிருக்கையில், கிழவி இராகத்தை நிறுத்தி, “ஓம் மனே, பயத்தில சொன்னவர், பிறகு அழுதவர்” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தா. எந்தக் கீபோர்ட்டு இந்தக் கேள்வியைப் பிறப்பிக்கும்?

மனநல ஆலோசனையும் வேண்டியதே. செப்டெம்பரில் ஆயித்தியமலைச் சதா சகாய மாதா திருவிழாவுக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போவதும் நல்லதே. இவற்றைப் பற்றி வேறொருவர் பேசட்டும்.

பழைய தமிழ் பிள்ளைகளுக்கு விளங்காதே என்று சில பெற்றோர் ஆட்சேபிக்கிறார்கள். முழுவதும் விளங்க வேண்டுமென்ற அவசியமில்லை. விளங்காத இடத்திலே பிள்ளை கேட்கும், கேட்குமிடத்திலே தாயோ தகப்பனோ வாசிப்பை நிறுத்திப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வருகிற தவக்காலத்திலே வெள்ளிக்கிழமைக்கு ஒரு பிரசங்கமாகவேனும் தொடங்குங்கள், ஒன்பதும் முடியாவிட்டாலும் பாதகமில்லை. வீட்டிலே மூத்தவர் வாசிக்கட்டும்; தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும்; அவசரப்படாமல் இராகமிட்டு வாசிக்கட்டும். இதற்கும் ஒரு கீபோர்ட்டைச் சேர்த்தால் இளைஞர் கூட்டம் வரும் என்று சென்ற மாதம் எனக்கு ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன், இப்போதும் வேண்டாம் என்றே சொல்லுகிறேன்.