ஜெனீவாவில் பேசப்படும் 'ஏழை விவசாயி' யார்?

(குன்னூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலக வர்த்தக அமைப்பின் வேளாண் பேச்சுவார்த்தைகள் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். சாதி ஒழிப்பு மேடையில் இது எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஜெனீவாவில் கோட்டு சூட்டு போட்டவர்கள் பேசிக்கொள்வதற்கும், கோத்தகிரியிலும் கொலக்கம்பையிலும் மழைக் காகிதத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கும் என்ன தொடர்பு? இரண்டுக்கும் நடுவே 'விவசாயி' என்ற ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் யாரைச் சேர்த்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அடிப்படை. உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் 1995 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது மூன்று விஷயங்களைக் கட்டுப்படுத்துகிறது: இறக்குமதி வரி, ஏற்றுமதி மானியம், உள்நாட்டு மானியம். உள்நாட்டு மானியத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்திருக்கிறார்கள். விலையையும் உற்பத்தியையும் நேரடியாகத் தூண்டுகிற மானியம் 'மஞ்சள் பெட்டி'. அதற்கு உச்சவரம்பு உண்டு. வர்த்தகத்தை அதிகம் பாதிக்காது என்று கருதப்படும் ஆராய்ச்சி, பயிற்சி, உள்கட்டமைப்பு, ஏழைகளுக்கான உணவு உதவி போன்றவை 'பச்சைப் பெட்டி'. அதற்கு வரம்பே கிடையாது. இந்தப் பச்சைப் பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்குத்தான் வரப்போகிறேன்.

இந்த விதிகள் சமமானவையா? இல்லை. ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே ஏராளமாக மானியம் கொடுத்துக்கொண்டிருந்த பணக்கார நாடுகளுக்கு, அதைச் சற்றுக் குறைத்துக்கொண்டு தொடர்வதற்கான உரிமை எழுதிக் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு அப்படிக் கிடைத்த வரம்பு ஆண்டுக்கு 1,910 கோடி டாலர். அதுவரை பெரிதாக எதுவும் கொடுக்காதிருந்த இந்தியா போன்ற நாடுகளுக்கு, ஒவ்வொரு பயிரின் உற்பத்தி மதிப்பிலும் 10 விழுக்காடு மட்டுமே வரம்பு. இருந்தவனுக்கு இருந்தது நிலைத்தது, இல்லாதவனுக்கு இல்லாதது சட்டமானது. நமக்கு இது பழகிய கணக்குத்தான், இல்லையா தோழர்களே?

அந்த 10 விழுக்காட்டை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இன்று அரசு நெல்லுக்குக் கொடுக்கும் ஆதரவு விலையை, 1986-88 ஆண்டுகளின் பன்னாட்டு விலையோடு ஒப்பிடுகிறார்கள். முப்பத்தைந்து ஆண்டு விலைவாசி ஏற்றம் முழுவதும் மானியமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. இப்படித்தான் 2018-19இல் இந்தியா அரிசியில் வரம்பைத் தாண்டியதாகக் கணக்கு வந்தது. 2013இல் பாலி மாநாட்டில் கிடைத்த 'சமாதான விதி' இருந்ததால் வழக்கு வரவில்லை. பொது இருப்புக்கு நிரந்தரத் தீர்வு காண்பதாக அதே மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். பாலிக்குப் பிறகு நைரோபி, புவனஸ் ஏரீஸ், ஜெனீவா, அபுதாபி என்று மாநாடுகள் நடந்தன. தீர்வு வரவில்லை.

இதில் நமக்கு ஐயமில்லாத ஒரு நிலைப்பாடு வேண்டும். நியாயவிலைக் கடை அரிசி எஸ்டேட் லயன் வீடுகளில் எரியும் அடுப்புக்கு உயிர். கொள்முதலும் பொது இருப்பும் இல்லாவிட்டால் அந்த அரிசி இல்லை. எனவே பொது இருப்புக்காக இந்தியா ஜெனீவாவில் வாதாடும்போது, நாம் அந்த வாதத்தின் பக்கம்தான் நிற்கிறோம். 2003 செப்டம்பரில் மெக்சிகோவின் கான்குன் நகரில் மாநாடு நடந்தபோது, லீ கியுங் ஹே என்ற தென்கொரிய விவசாயி போராட்டக் களத்திலேயே தன்னைக் குத்திக்கொண்டு இறந்துபோனார். அந்த மாநாடு முறிந்தது. அந்தச் சாவின் கோபம் நமக்கும் உண்டு.

ஆனால் அந்த நிலைப்பாட்டோடு நம் பேச்சு முடிந்துவிடக் கூடாது. இனி மலைக்கு வருவோம்.

தேயிலைக்கு ஆதரவு விலை கிடையாது. மத்திய அரசு ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் அது இல்லை. தேயிலை வாரியம் வேளாண் அமைச்சகத்தின் கீழ் இல்லை, வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அரசின் கண்ணில் தேயிலை முதலில் ஒரு சரக்கு, பிறகுதான் பயிர். எனவே உலகச் சந்தையில் அடிக்கும் காற்று நேராக நம் மலைமீதுதான் மோதும்.

அது எப்படி மோதியது என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நீலகிரித் தூளைச் சோவியத் ஒன்றியம் ரூபாய் வர்த்தகத்தில் அள்ளிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. 1991இல் அந்த நாடே இல்லாமல் போனது. 1998இல் ரஷ்ய ரூபிள் சரிந்தது. அந்த ஆண்டு வாக்கில் கிலோ 15 ரூபாய்க்கு மேல் போன பசுந்தேயிலை, 2000இல் ஐந்து ரூபாய் அளவுக்கு விழுந்தது. அதே ஆண்டு மார்ச்சில் இந்திய-இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, இலங்கைத் தேயிலைக்குச் சலுகை வரியில் ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ ஒதுக்கப்பட்டது. இன்னொரு பக்கம், அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா 1999இல் தோற்றதால், எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலோடு நீங்கின. மலை முழுவதும் சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விலை விழுந்தது முதலில், கட்டுப்பாடு நீங்கியது பிறகு. எல்லாவற்றுக்கும் உலக வர்த்தக அமைப்பே காரணம் என்று மேடையில் முழங்குவது எளிது, ஆனால் கணக்கு அப்படி இல்லை. தேயிலைக்கு 150 விழுக்காடு வரை வரி போட அந்த அமைப்பின் விதிகளில் இந்தியாவுக்கு இடமிருக்கிறது. இந்தியா விதித்திருக்கும் பொது வரி 100 விழுக்காடு. அதைக் குறைத்தது எது? நாமே கையெழுத்திட்ட தனி ஒப்பந்தங்கள். 2010இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தில் கறுப்புத் தேயிலை வரியை 45 விழுக்காடு வரை இறக்க ஒப்புக்கொண்டது இந்திய அரசுதான். ஜெனீவாவில் விவசாயியின் காவலராக நிற்கிற அரசு, இன்னொரு அறையில் வேறொரு காகிதத்தில் கையெழுத்திடுகிறது.

அடுத்த கேள்வி: விலை விழும்போது யார் மேல் விழுகிறது?

எஸ்டேட் முதலாளிக்கு வங்கி இருக்கிறது. சிறு விவசாயிக்கு அடி பலமானது. அவர்களில் பெரும்பாலோர் படுகர் சமூகத்தினர், ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள். 2023இல்கூட நியாயமான இலை விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். தேயிலைச் சட்டம் 1953, பிரிவு 30இன்படி விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்து என்ற அவர்கள் கோரிக்கை நியாயமானது, நாம் ஆதரிக்க வேண்டியது.

ஆனால் இலை தானாகப் பறிபடுவதில்லை. இப்போது இலை விலையை முடிவுசெய்ய ஒரு சூத்திரம் இருக்கிறது: தூள் விற்ற விலையில் 65 பங்கு இலை கொடுத்த விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு. கூட்டிப் பாருங்கள், நூறு வந்துவிட்டது. கொழுந்து பறித்த கை எங்கே? விவசாயியின் 65க்குள் ஒரு செலவாக ஒளிந்திருக்கிறது. விலை விழுந்தால் அவர் முதலில் குறைக்கிற செலவும் அதுதான். ஆள் நிறுத்தம், அரை நாள் வேலை, பாக்கிக் கூலி.

சட்டமாவது காப்பாற்றியதா? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவமனை, பிள்ளைக் காப்பகம் எல்லாம் கொடுக்கச் சொன்னது. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தோட்டங்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒரு ஏக்கர் தோட்டத்தில் கூலிக்குப் போகிற பெண், அந்தச் சட்டத்தின் கண்ணில் தோட்டத் தொழிலாளியே இல்லை. 2020இல் அந்தச் சட்டமும் புதிய தொழிலாளர் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது.

அந்தப் பெண் யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மக்களில் 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். தமிழக சராசரி 20 விழுக்காடு. இந்த மாவட்டம் இப்படி இருப்பதற்கு வரலாறு இருக்கிறது. சமவெளியில் நிலம் மறுக்கப்பட்ட பறையர், பள்ளர், அருந்ததியர் குடும்பங்களைக் கங்காணிகள் மலையேற்றினார்கள், கடல் கடத்தினார்கள். இலங்கையின் தேயிலையை உண்டாக்கியவர்களின் குடியுரிமையை அந்நாடு 1948இல் பறித்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கிட்டார்கள். ஆட்களையே எண்ணிக்கை போட்டுப் பிரித்துக்கொண்ட அந்த ஒப்பந்தத்தில், பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. என் பாட்டி அப்படி வந்து சேர்ந்தவர். எந்த நாடு என்று யார் கேட்டாலும் தன் எஸ்டேட்டின் பெயரைத்தான் சொல்வார்.

அவர்களுக்காகத் தொடங்கப்பட்டதுதான் டேன்டீ. 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி, 1976இல் நிறுவனமானது. வேலை கொடுத்தார்கள், லயன் வீடு கொடுத்தார்கள், நிலம் கொடுக்கவில்லை. 2022இல் டேன்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு ஆணையிட்டது. காடு வேண்டும், யானைக்கு வழி வேண்டும், மறுக்கவில்லை. தேயிலைக்கு முன்பு இந்த மலை தோடருக்கும் கோத்தருக்கும் குறும்பருக்கும் இருளருக்கும் பணியருக்கும் உரியதாக இருந்தது என்பதையும் மறக்கவில்லை. ஆனால் இரண்டு தலைமுறை அந்த மண்ணில் குனிந்து நின்றவருக்கு, வேலை ஓய்ந்த நாளில் படுக்க ஒரு செண்ட் சொந்தமில்லை என்பது எந்தக் காட்டின் தேவை?

இப்போது ஜெனீவாவுக்குத் திரும்புவோம். வேளாண் ஒப்பந்தத்தின் 6.2 பிரிவு, வளரும் நாடுகளின் வருமானம் குறைந்த, வசதியற்ற விவசாயிகளுக்குக் கொடுக்கும் இடுபொருள் மானியத்தை வரம்பிலிருந்து விலக்குகிறது. அதைப் பயன்படுத்த இந்தியா ஒரு எண்ணைச் சமர்ப்பித்தது: எங்கள் விவசாயிகளில் 99.43 விழுக்காட்டினர் அப்படிப்பட்டவர்கள். எங்கிருந்து வந்தது இந்த எண்? 2015-16 வேளாண் கணக்கெடுப்பிலிருந்து. 10 ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருக்கும் எல்லோரும் ஏழை விவசாயிகள். கிட்டத்தட்ட 25 ஏக்கர்!

கால் ஏக்கர்க்காரரும் இருபது ஏக்கர்க்காரரும் ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள். நிலமே இல்லாதவர் அந்த எண்ணில் இல்லவே இல்லை, ஏனென்றால் அது நில உடைமைகளை எண்ணுகிற கணக்கெடுப்பு. அதே கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினரிடம் உள்ள உடைமைகள் ஏறத்தாழ 12 விழுக்காடு, பரப்பளவில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. விவசாயத்தில் உழைக்கும் பட்டியல் சாதியினரில் 71 விழுக்காட்டினர் கூலித் தொழிலாளர்கள் என்கிறது 2011 கணக்கெடுப்பு. உலகத்தின் முன்னால் நம் வறுமையைக் காட்டி வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் கிடைக்கும் பலன் பட்டா வைத்திருப்பவரின் வீட்டோடு நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டமும் நிலம் உள்ள குடும்பங்களுக்கே.

'உலக வர்த்தக அமைப்பு விடாது, நாங்கள் என்ன செய்ய' என்று யாராவது சொன்னால், அவர்களிடம் பச்சைப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். 2013 பாலி மாநாட்டில் பொதுச் சேவைகள் பற்றி ஒரு முடிவு எடுத்தார்கள். இந்தியா இடம்பெற்ற ஜி-33 நாடுகள் கேட்டுப் பெற்ற முடிவு அது. அதன்படி, நிலச் சீர்திருத்தத்தோடும் கிராமப்புற வாழ்வாதாரத்தோடும் தொடர்புடைய திட்டங்கள் பச்சைப் பெட்டியில் சேரும். நில உரிமைப் பத்திரம் வழங்குவது, விவசாயிகளைக் குடியமர்த்துவது, ஊரக வேலைவாய்ப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. வரம்பு இல்லை. யாரும் வழக்குப் போட முடியாது என்ற அளவுக்குப் பாதுகாப்பான செலவு அது.

அதாவது, நிலமற்றவருக்கு நிலம் கொடுப்பதை ஜெனீவா தடுக்கவில்லை. அந்த உரிமையை வெளியே கேட்டு வாங்கிய இந்தியா உள்ளே அதைப் பயன்படுத்தவில்லை. தடுப்பது எது என்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காகத் தயாரித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில், விவசாய நிலம் முழுவதையும் அரசு எடுத்துச் சாதி பேதமின்றிக் குடிமக்களுக்குப் பயிரிடக் கொடுக்க வேண்டும் என்று முன்வைத்தார். அது அன்றே ஒதுக்கப்பட்டது. நிலத்தைத் தொடாமல் மானியத்தை மட்டும் பேசுகிற விவசாய அரசியல் அங்கிருந்து தொடங்குகிறது.

எனவே தோழர்களே, மூன்று கோரிக்கைகளை நாம் சத்தமாகப் பேச வேண்டும்.

ஒன்று, 65-35 சூத்திரத்தில் பறிக்கிற கைக்கு ஒரு பங்கு தனியாக எழுதப்பட வேண்டும். இலை விலைக்காகப் போராடும் சிறு விவசாயிகளின் பந்தலுக்கு நாம் போக வேண்டும். போய், இந்தக் கோரிக்கையையும் உங்கள் துண்டறிக்கையில் சேருங்கள் என்று கேட்க வேண்டும். சேர்த்தால் அது கூட்டணி. சேர்க்க மறுத்தால், அதுவும் நமக்குத் தெரிந்தாக வேண்டிய செய்திதான்.

இரண்டு, நேரடி வருமான உதவி நிலமற்ற உழவுத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. ஒடிசா 2018இல் அறிவித்த காலியா திட்டத்தில் நிலமற்றவர்களைச் சேர்த்தது. சத்தீஸ்கர் 2021இல் அவர்களுக்கென்றே தனித் திட்டம் கொண்டுவந்தது. சமூக நீதி பேசும் தமிழ்நாடு எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

மூன்று, டேன்டீ குடும்பங்களுக்கும், மூடிக்கிடக்கும் எஸ்டேட்டுகளின் தொழிலாளர்களுக்கும் வீட்டோடு நிலமும், பெண்கள் பெயரில் பட்டாவும் வேண்டும். பாலியில் வாங்கி வந்த உரிமையை இந்த மலையில் செலவு செய்யுங்கள் என்று கேட்போம்.

அடுத்த மாநாட்டில் இந்தியப் பிரதிநிதி எழுந்து 'எங்கள் ஏழை விவசாயிகள்' என்று தொடங்குவார். அந்தச் சொல்லுக்குள் நாமும் இருக்க வேண்டும் என்றால், அதற்கான சண்டை ஜெனீவாவில் இல்லை. குன்னூர் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது, இலை எடை போடும் இடத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அது திறந்துதான் இருக்கும்.