பாக்கி வைத்திருப்பது நாடு



அமெரிக்காவில் பல ஆண்டுகளாக ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கறுப்பினப் பிள்ளைகள் தேர்வில் பின்தங்கிவிட்டார்களாம்! அறிக்கைக்கு மேல் அறிக்கை, குழுவுக்கு மேல் குழு. எல்லாவற்றிலும் கூண்டில் நிறுத்தப்பட்டது யார்? முதலில் பிள்ளை. அடுத்து, பிள்ளையைப் பெற்ற தாய். அதற்கும் அடுத்து, அவர்கள் குடியிருக்கும் தெரு. கஜானாச் சாவியை இடுப்பில் செருகியிருந்தவர்களை மட்டும் யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

ஏற்றினார் ஒரு பெண்மணி. அவர் பெயர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ். 1947-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த கறுப்பினப் பெண். அதே ஊரின் அரசுப் பள்ளிகளில் சாக்பீஸ் பிடித்தவர். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்தின் கல்விப் பள்ளியில் நிரந்தரப் பேராசிரியரான முதல் கறுப்பினப் பெண்.

2006-இல், அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கத்தின் தலைவராக மேடையேறி அவர் கணக்கு கேட்டார். சிகாகோ பள்ளிகளில் அப்போது ஒரு பிள்ளைக்கு ஆண்டுச் செலவு 8,482 டாலர். அங்கே நூற்றுக்கு 87 பேர் கறுப்பின, லத்தீன் வழிப் பிள்ளைகள். சற்றுத் தள்ளி ஹைலண்ட் பார்க்கில் 17,291 டாலர். அங்கே நூற்றுக்கு 90 பேர் வெள்ளையர். அரை வயிற்றுக்குச் சோறு போட்டுவிட்டு, 'ஏனடா இளைத்துப் போனாய்?' என்று அதட்டுவது எந்த ஊர் நியாயம்?

இது நேற்று ஏற்பட்ட குறையா? அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அபராதம் என்று 1740-இலேயே சட்டம் போட்டது தென் கரோலினா. பள்ளியில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகளை ஒன்றாகச் சேர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, கறுப்பின ஆசிரியர்களை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாக ஏறிக்கொண்டே வந்த பாக்கி இது. இதைக் கட்டாமல், பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் அளப்பது மோசடி என்கிறேன்!

குற்றம் சாட்டுவதோடு லாட்சன்-பில்லிங்ஸ் நின்றாரா? இல்லை. மற்ற ஆய்வாளர்கள் தோற்ற பிள்ளையைத் தேடிப் போனார்கள். இவரோ, 2006-க்கு வெகு முன்பே, பிள்ளைகளை ஜெயிக்க வைத்த ஆசிரியர்களைத் தேடிப் போனார். வடக்குக் கலிஃபோர்னியாவில் தேவாலயத்துக்கு வந்த பெற்றோரிடம், 'நல்ல டீச்சர் யார்?' என்று கேட்டார். தலைமையாசிரியர்களிடமும் அதையே கேட்டார். இரண்டு தரப்பும் சொன்னவர்களில் எட்டுப் பேரின் வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஐந்து பேர் கறுப்பினத்தவர், மூன்று பேர் வெள்ளையர். 1994-இல் வந்த 'தி ட்ரீம்கீப்பர்ஸ்' நூல் அங்கே பிறந்தது.

அந்த வகுப்புகளில் என்ன நடந்தது தெரியுமா? சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரத்துக்குப் பேர்போன ஒரு தாயை அழைத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். பலகாரத்தோடு பாடம் முடியவில்லை. அந்தக் கிழங்கை ஆராய்ந்த கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைப் பற்றிப் பிள்ளைகள் அறிக்கை எழுதினார்கள். விற்பனைத் திட்டம் போட்டார்கள். இன்னொரு வகுப்பில், பிள்ளைகள் கொண்டுவந்த ராப் பாட்டை வைத்தே எதுகையும் மோனையும் நடத்தினார் ஓர் ஆசிரியை. அங்கிருந்து பாடநூல் கவிதைக்கு அழைத்துப் போனார்.

பண்பாடு சார்ந்த கற்பித்தல் என்று லாட்சன்-பில்லிங்ஸ் பெயர் வைத்தது இதற்குத்தான். அதற்கு அவர் வைத்த நிபந்தனைகள் மூன்று. பிள்ளை படிப்பில் தேற வேண்டும். தன் பண்பாட்டை விட்டுக்கொடுக்காமல் பிறர் பண்பாட்டிலும் பழக வேண்டும். தன்னைச் சுற்றி நடக்கும் அநியாயத்தைக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். தரத்தைக் குறைக்கிறார் என்று கூச்சல் போடுகிறவர்கள் முதல் நிபந்தனையைப் படிக்கவில்லை. ஆண்டுக்கொரு விழா நடத்தி, சுவரில் நாலு தலைவர் படம் ஒட்டிக் கடமையை முடிப்பவர்கள் மூன்றாவதைப் படிக்கவில்லை.

இனப் பாகுபாடு சட்டத்திலும் அமைப்புகளிலுமே ஊறியிருக்கிறது என்று சொல்வது விமர்சன இனக் கோட்பாடு. 1995-இல் வில்லியம் டேட் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, சட்டத் துறையில் இருந்த அந்தக் கோட்பாட்டைக் கல்வித் துறைக்குக் கொண்டுவந்தவரும் இவரே. 2021 முதல் பல மாநிலங்கள் அந்தக் கோட்பாட்டின் பெயரைச் சொல்லிப் பள்ளிகளுக்குத் தடைச் சட்டம் போட்டன. பிள்ளைகளைப் பிரிக்கிறதாம்! கேட்கிறேன்: 8,482 என்றும் 17,291 என்றும் பிரித்தது எந்தக் கோட்பாடு? பிரித்ததைச் சுட்டிக்காட்டிய விரலை வெட்டுவதற்குச் சட்டம் உண்டு. பிரித்த கையைப் பிடிப்பதற்குச் சட்டம் எங்கே?

ஆசிரியத் தோழர்களே! நாளைக் காலை வகுப்புக்குள் நுழைவீர்கள். படிப்பு ஏறாத பிள்ளை என்று யாரையாவது குறித்து வைத்திருந்தால், அந்தக் குறிப்பைக் கிழித்துப் போடுங்கள். அந்தப் பிள்ளைக்கு என்னென்ன பாக்கி என்று எழுதத் தொடங்குங்கள். அரசிடம் வாங்க வேண்டியதைப் போராடி வாங்குவோம். நம் கையால் கட்ட வேண்டியதை நாளையே கட்டத் தொடங்குவோம்.