கேள்வி பாட்டிக்கு, பதில் மகளிடமிருந்து

கிள்ளானில் ஒரு தாமான் வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பக்கவாதத்தால் வலக்கை விழுந்துபோன பாட்டி ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருக்கிறார். மகள் சோறு பிசைந்து ஊட்டுகிறார். தலை வாரி விடுவதும் அவர்தான். பேரன் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கிறான். பாட்டி நாற்காலியை விட்டு எழ வேண்டிய அவசியமே இல்லை. "கொடுத்து வைத்தவர்" என்று அக்கம்பக்கத்தார் பேசிக் கொள்கிறார்கள்.

ஆனால், அந்தப் பாட்டியின் இடக்கைக்கும்கூட இப்போது வேலை இல்லை. பயன்படுத்தாத கையும் காலும் நாளுக்கு நாள் இன்னும் பலவீனமாகும். அன்பின் பெயரால் நம் வீடுகளில் நடக்கும் தவறு இது.

இங்கேதான் ஆக்குபேஷனல் தெரபி வருகிறது. தமிழில் இதைத் 'தொழில்வழி சிகிச்சை' என்று சொன்னவுடன், வேலை வாங்கித் தரும் துறையோ என்று பலர் நினைத்து விடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் எழுதியிருக்கும் 'சாராகெர்ஜா' என்ற பெயரும் அதே குழப்பத்தைத்தான் தருகிறது. இங்கே தொழில் என்பது சம்பளம் வாங்கும் வேலை மட்டுமல்ல. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, கோயிலுக்குப் போவது, குழந்தை விளையாடுவது என்று மனிதன் தன் நாளை எதைக் கொண்டு நிரப்புகிறானோ அது எல்லாமே தொழில்தான். பிசியோதெரபி கையின் வலிமையையும் அசைவையும் பார்க்கிறது. இந்தச் சிகிச்சை, அந்தக் கையால் பாட்டி காலையில் என்ன செய்து கொண்டிருந்தார் என்று கேட்கிறது.

இத்துறையைத் தொடங்கியவர்களில் ஒருவரே நோயாளிதான். ஜார்ஜ் பார்ட்டன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் காசநோயால் அவதிப்பட்டவர். பிறகு உடலின் இடப்பக்கமும் செயலிழந்தது. தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து மெல்ல மீண்டார். 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்சில், அவருடைய வீட்டில் கூடிய சிலர்தான் இத்துறைக்கான முதல் சங்கத்தை அமைத்தார்கள்.

உடலை மாற்ற முடியாவிட்டால் சூழலை மாற்றலாம் என்பது இத்துறையின் இன்னொரு அடிப்படை. இதைப் புத்தகத்தில் தேட வேண்டாம், பிரிக்பீல்ட்சுக்குப் போனால் போதும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. அது இருக்கும் அந்த வட்டாரத்தின் நடைபாதைகளில் புடைப்புள்ள மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். அவை யாருக்கும் பார்வையைத் தரவில்லை. ஆனாலும் கைத்தடியோடு வருபவர் அவற்றைப் பிடித்துக் கொண்டு தானாக நடந்து போகிறார். (அதன் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துபவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு நிகழ்ச்சி செய்யலாம்!)

வீட்டிலும் இதே கதைதான். தட்டு நழுவாமல் இருக்க அடியில் ரப்பர் விரிப்பு, கரண்டிப் பிடியில் தடிமனாகச் சுற்றிய துணி, குளியலறையில் கைப்பிடியும் நாற்காலியும், ரவிக்கையில் கொக்கிக்குப் பதில் ஒட்டும் பட்டை. சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இவ்வளவு எளிய விஷயத்தைக்கூட யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, நெறி எங்கே வருகிறது? பாட்டியிடமே திரும்புவோம். வலக்கை வராது என்றால் இடக்கையால் சாப்பிடப் பழக்கலாம் என்று சிகிச்சையாளர் திட்டம் போடுகிறார். மருத்துவக் கணக்குப்படி அது சரிதான். ஆனால், நம் வழக்கத்தில் இடக்கை எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். அறுபது எழுபது ஆண்டுகளாக அப்படியே வாழ்ந்தவர் அந்தக் கையைச் சோற்றில் வைப்பதைவிடப் பட்டினி கிடப்பதே மேல் என்று நினைக்கலாம். கேட்காமல் விட்டால், 'ஒத்துழைக்கவில்லை' என்று கோப்பில் எழுதப்படும். கேட்டிருந்தால், இடக்கையில் கரண்டி பிடிக்கச் சம்மதித்திருப்பார். அல்லது சோறு இருக்கட்டும், வெள்ளிக்கிழமை சாமி விளக்கை ஏற்ற முடிந்தால் போதும் என்று சொல்லியிருப்பார். அப்படியானால் பயிற்சி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிகிச்சையாளர் பாட்டியிடம் கேட்க, மகள் முந்திக் கொண்டு பதில் சொல்வது நம் வீடுகளில் சகஜம். நல்ல சிகிச்சையாளர் மகளை மதித்துக் கேட்டுக் கொள்வார், பிறகு பாட்டியின் பக்கம் திரும்பி மறுபடியும் கேட்பார். நோயாளியின் சம்மதம், அவருடைய இரகசியத்தைக் காப்பது, உண்மையைச் சொல்வது ஆகியவை மரியாதைக்காகச் செய்பவை அல்ல, தொழிலின் கடமைகள். அதில் கடினமானது உண்மையைச் சொல்வதுதான். இந்தக் கை பழையபடி வராது என்று தெரிந்த பிறகும், இன்னும் பத்து முறை வாருங்கள் என்று ரிங்கிட்டை வாங்கிக் கொண்டிருப்பது நெறியல்ல. மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர் இதில் அதிகம் ஏமாறக்கூடியவர்கள். மூன்றே மாதத்தில் குழந்தையை முழுதாக மாற்றிக் காட்டுகிறேன் என்று யார் உத்தரவாதம் கொடுத்தாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

இது யாருக்கோ என்று தள்ளி வைக்கும் விஷயமும் இல்லை. 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு என்று காட்டியது. பக்கவாதமும் கால் இழப்பும் அந்த நோயோடு வருபவை.

இத்தொழிலுக்கு இப்போது சட்டம் இருக்கிறது. 2016-இல் இயற்றப்பட்ட துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. அது பட்டியலிடும் 23 தொழில்களில் இதுவும் ஒன்று. மலேசியத் துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்து, தொழில் சான்றிதழ் பெற்றவர்தான் இதைச் செய்யலாம். கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர்கள், வீட்டுக்கு அனுப்பும் முன்பே 'சாராகெர்ஜா' பிரிவுக்கு எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். தனியார் நிலையத்துக்குப் போவதானால், முதல் நாளே அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே போகும்போது பாட்டியையும் பேச விடுங்கள்.