இரத்தத்திற்கு ஜாதகம் எதற்கு?

(திண்டுக்கல் கூட்டத்தில் பேசியது)



நம் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பிள்ளை வெளுத்துப்போய், காய்ச்சல் விடாமல், ஈறில் இரத்தம் கசிந்தால் முதலில் என்ன செய்கின்றோம்? மந்திரிக்கின்றோம், கயிறு கட்டுகின்றோம், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றோம். அது தீவிர இரத்தப் புற்றுநோயாய் இருந்தால், பரிகாரத்தில் கழியும் சில வாரங்களே உயிரைக் கொண்டுபோகப் போதும்.

இரத்தமோ தன் சங்கதியைத் தானே சொல்லும். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு, வெள்ளணு எல்லாம் தெரியும். சந்தேகம் வந்தால் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியால் எடுத்து, 500 அணுக்கள் வரை ஒவ்வொன்றாய் எண்ணுவார்கள். எண்ணுகிற கண் அலுத்துப்போகும். இருவர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும். இதற்காகவே செயற்கை அறிவைத் துணைக்கு அழைத்திருக்கின்றார்கள்.

இதில் தெய்வச் செயல் ஒன்றுமில்லை. 2021-ல் ஜெர்மனியின் மூனிச் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் 945 பேருடைய மஜ்ஜையிலிருந்து 1,70,000-க்கு மேற்பட்ட அணுப் படங்களை எடுத்தார்கள். தேர்ந்தவர்கள் ஒவ்வொன்றும் இன்ன அணு என்று குறித்தார்கள். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பாடம் படித்தது. நம் பக்கத்துப் பெங்களூரிலும் 2015-ல் தொடங்கிய சிக்டபிள் என்னும் கம்பெனி, இரத்தப் பூச்சைப் படம் பிடித்து அணுக்களை வகை பிரிக்கும் இயந்திரம் செய்திருக்கின்றது.

அத்தனை படங்களையும் வகை பிரித்தவர்கள் பார்ப்பன அணு, பறையன் அணு என்று ஒரு வகை கண்டார்களா? இல்லையே! பின் பிறவி ஜாதி எங்கே ஒளிந்திருக்கின்றது?

இன்னொன்று கேளுங்கள். அபூர்வமாய் வரும் சில அணு வகைகளில் தங்கள் கம்ப்யூட்டர் தவறிப்போனதை அந்த மூனிச்சுக்காரர்களே கணக்கோடு அச்சிட்டு வெளியிட்டார்கள். எந்த ஜோசியராவது பொய்த்துப்போன பலனை அச்சிட்டதுண்டா? பிழைத்தால் பரிகாரத்தின் மகிமை, செத்தால் தலைவிதி! தன் பிழையைத் தானே எண்ணிக் காட்டுவது அறிவு. பிழையே இல்லை என்பது புரட்டு.

ஆகையால் இயந்திரத்திற்கும் ஆயுத பூஜையன்று பொட்டிட்டுக் கும்பிடாதீர்கள். அதையும் கேள்வி கேளுங்கள். எந்த நாட்டார் இரத்தத்தைப் பார்த்துப் படித்தாய்? சத்துக்குறைவால் சோகை பிடித்த எங்கள் கூலிப் பெண்கள் இரத்தத்திலும் சோதித்தார்களா? எத்தனை தவறினாய்? முடிவைப் பரிசோதித்துக் கையெழுத்திடும் டாக்டர் யார்? பதில் சொல்லும் இயந்திரம் வரட்டும். அது பணக்காரன் ஆஸ்பத்திரியோடு நின்றுவிடாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் வரவேண்டும்.

திண்டுக்கல்லிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. இனியும் வெளுத்த பிள்ளையைக் குறிகாரனிடம் தூக்கிப்போகலாமா? முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள். கட்டங்களைப் பார்ப்பதை விட்டு அணுக்களைப் பாருங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக அல்ல. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள்.