கொப்பியில் எழுதாத பேர்
(எமது சங்கத்தின் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உளவளத்துணைச் சந்திப்புகளுக்கு இணையத்தளத்தில நேரம் பதியிற ஒழுங்கைச் செய்தவன் எண்ட முறையில என்னைப் பேசச் சொல்லிச் செயலாளர் அண்ணை கேட்டவர்.

முந்தி எங்கட அலுவலக மேசையில ஒரு கொப்பி கிடந்தது. வாறவை தங்கட பேரை அதில எழுத வேணும். ஒருநாள் ஒரு அம்மா பேனையை எடுத்தவ, மேல இருந்த பேர்களை வாசிச்சிட்டு, பேனையை வைச்சிட்டுப் போட்டா. பிறகு வரேல்லை. தன்ர பேரையும் நாளைக்கு ஆரோ வாசிப்பினம் எண்டு நினைச்சிருப்பா. 'விசர்' எண்ட சொல்லுக்கு எங்கட சனம் எவ்வளவு பயம் எண்டு உங்களுக்குத் தெரியாததே?

கணனி வேலை பெரிய கஷ்டமில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தைத் தெரிவு செய்தால் முதலாவது ஆளுக்குத்தான் கிடைக்க வேணும்; அந்தக் கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே வைச்சால் சரி. பதிய வாறவைக்கு மிச்சமுள்ள நேரங்கள் மட்டும் தெரியும், பேர்கள் தெரியாது.

நான் பிழை விட்டது வேற இடத்தில. முதல் செய்த படிவத்தில "உங்கள் பிரச்சினை என்ன?" எண்டு கேட்டு, பதில் எழுதாட்டி அடுத்த பக்கம் போகாதபடி வைச்சிட்டன். கனபேர் அதோட விட்டிட்டினம். 2009இல முள்ளிவாய்க்காலில பிள்ளையைப் பறிகுடுத்த ஒருத்தி அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள என்னத்தை எழுதுவா? கேள்வியை எடுத்துப்போட்டன். உளவளத்துணையாளர் நேரில கேட்கட்டும்.

அடுத்தது, சந்திப்பை நினைவூட்டுற குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில 70தான். அதிலும் கொம்பு, குற்று எல்லாம் தனித்தனியாக எண்ணுப்படும். சுருக்க வேண்டி வந்ததும் நல்லதாய்ப் போச்சு. "செவ்வாய் 4 மணி, சங்கம்" எண்டு மட்டும் போகும். அம்மாவின்ர போனை மகன் பார்த்தாலும் ஒண்டும் விளங்காது.

உளவளத்துணையாளர் வெள்ளைக்காரர் எண்டபடியால் மொழிபெயர்ப்பாளர் தேவை. "பெண் வேணும்", "எங்கட ஊர் ஆள் வேண்டாம்" எண்டு ரண்டு பெட்டி வைச்சிருக்கிறன். இரண்டாவதைச் சேர்க்கச் சொன்னது என்ர மனிசி. அதைத்தான் கூடப்பேர் அமத்தினம்.

கணனி பழக்கமில்லாத ஆக்கள் சனிக்கிழமையில ரெலிபோன் எடுங்கோ, நாங்கள் பதிஞ்சு விடுவம். பழைய கொப்பியைத் துண்டு துண்டாக வெட்டிப்போட்டம்.